செல்போனில் படித்தால் அது வாசிப்பு ஆகாதா?

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் நடந்த ஒன்று நான்கு நாள்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை, மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, முன்கூட்டியே முடிவு செய்த ஒரு நூலைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். இந்த முறை புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். புதுச்சேரியில் செவிலியராக வேலை பார்ப்பவர். கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் போய்வருபவர். ரெட்டிச்சாவடி தாண்டிப் படிக்கத் தொடங்கினால் அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும் என்றும், அப்படியே மூன்று வாரத்தில் இந்த நாவலைப் படித்து முடித்ததாகவும் அறிமுகத்தின்போது சொன்னார்.

அவருடைய முறை வந்தபோது செல்போனை எடுத்து, குறித்து வைத்திருந்த ஒரு பத்தியைப் படிக்கத் தொடங்கினார். இரண்டு வரி படித்திருப்பார். எங்களில் மூத்தவர் ஒருவர், "முதலில் புத்தகத்தைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள் அம்மா, பிறகு பேசலாம்" என்றார். இருவர் சிரித்தார்கள். அந்தப் பெண் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அதன் பின்பக்கத்தில் விரிசல் விட்ட இடத்தில், காயத்துக்குக் கட்டுப் போட்டு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதற்குப் பின் ஒரு மணி நேரம் அவர் வாயைத் திறக்கவில்லை. தேநீர் வந்ததும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

படிக்கட்டு வரை கூடப் போய், என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். "கடைசி மூன்று அத்தியாயத்திலும் அந்த மாமியார் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை சார். வீட்டில்தான் இருக்கிறாள், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. அதைத்தான் கேட்க நினைத்தேன்" என்றார். அச்சுப் பிரதியை அடிக்கோடிட்டுப் படித்துவிட்டு வந்திருந்த எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

சிரித்தவர்களைத் தடுக்காமல் உட்கார்ந்திருந்ததற்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. மின்னூலா அச்சு நூலா என்ற பழைய பட்டிமன்றத்தை மறுபடியும் கூட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒருவர் எதில் படித்தார் என்பதைப் பார்த்து, இவர் வாசகர், இவர் வாசகர் இல்லை என்று பிரித்து உட்கார வைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு உங்கள் நேர்மையான பதில் வேண்டும்.

*

புலியூர் ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

அந்தச் சொல்லைச் சொன்னவன் நான்தான். பெயரைக் குறிப்பிடாமல் விட்டது கெடிலக்கரையின் பெருந்தன்மை. ஆனால் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. சொன்ன விதம் தவறு. அதற்கான வருத்தத்தை அந்தப் பெண்ணிடமே தெரிவிக்க வேண்டும், இங்கே எழுதிப் பயனில்லை. ஆனால் சொன்ன கருத்தை நான் இன்னும் கைவிட்டுவிடவில்லை.

கெடிலக்கரை ஒன்றை விட்டுவிட்டார். அந்தப் பெண் படிக்கத் தொடங்கியதும் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். "இதில் பக்கம் வராது சார், தொண்ணூற்று ஒரு பர்சென்ட்" என்றார். என் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. பன்னிரண்டு பேர் ஒரு நூலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, ஒருவர் காட்டும் இடத்துக்கு மற்றவர்கள் வந்து சேர முடியாவிட்டால், கூடிப் படிப்பது எப்படி நடக்கும்?

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் நடத்தியவன் நான். நான் கற்ற பாட்டுகளில் பல, அவை இருந்த இடத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன: இடப்பக்கம், கீழ்க்கோடி, பக்கத்தில் ஒரு மைக்கறை. உருட்டிக்கொண்டே போகும் திரையில் எழுத்துக்கு நிலையான இடம் கிடையாது. இது கிழவனின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2018இல் ஸ்பெயின், இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகள் அவை. தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

உடைமை பற்றிய கவலையும் எனக்கு உண்டு. மின்னூலை நாம் விலைக்கு வாங்குவதில்லை; படித்துக்கொள்ளும் உரிமத்தை மட்டுமே வாங்குகிறோம். 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்து ஓர் இரவில் நீக்கியது. 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது; ஆனால் நூல்கள் போய்விட்டன. 1974இல் நான் வாங்கிய சிலப்பதிகாரப் பிரதி இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் என் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும்.

*

கேட்டுப் படிப்பவன், முத்தியால்பேட்டை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. உங்கள் மாடிக்கு நான் வந்திருந்தால், செல்போனைக் கூடக் கையில் எடுத்திருக்க மாட்டேன். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னிடமும் புத்தகத்தைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு வரச் சொல்லியிருப்பீர்களா? உங்களைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. கையில் எடுத்துப் படிப்பது மட்டுமே படிப்பு என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டுக்கு வெளியே யாரெல்லாம் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கல்லூரியில் படித்த நாளில் ஒரு நூலைப் படிக்க வேண்டுமென்றால், படித்துக் காட்ட யாராவது கிடைக்கும் வரை காத்திருப்பேன். அவருக்குத் தொண்டை கட்டினால் எனக்குப் பாடம் நின்றுவிடும். அலுப்பூட்டும் பகுதி என்று அவர் நினைத்ததைத் தாண்டிவிட்டால், தாண்டியது எனக்குத் தெரியாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்த தமிழ் நூல்களைச் செல்போனே வாசித்துக் காட்டத் தொடங்கிய பிறகுதான், ஒரு வரியை மூன்று முறை கேட்கும் சுதந்திரம் எனக்கு முதல்முறையாகக் கிடைத்தது. ஒருவரையும் சிரமப்படுத்தாமல், ஒருவரிடமும் நன்றி சொல்லாமல், இரவு இரண்டு மணிக்கு ஒரு நாவலைத் திரும்பிப் போய்க் கேட்பது எத்தனை பெரிய காரியம் என்பது கண்ணுள்ளவர்களுக்கு எளிதில் விளங்காது.

அதே நேரத்தில், மின்னூல் என்ற பெயரில் வருவதெல்லாம் எனக்குப் பயன்படுவதில்லை. அச்சுப் பக்கத்தைப் படமாகப் பிடித்துச் சேர்த்த பி.டி.எஃப் கோப்பு எனக்கு வெற்றுத் தாள். திரைவாசிப்பான் அதில் ஓர் எழுத்தையும் காணாது. இந்தியா 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, எங்களைப் போன்றவர்களுக்காக நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் என்ற உலக உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் அளித்த நாடும் நம் நாடுதான். சட்டம் வழிவிட்டும், மாற்றிக் கொடுக்கும் கைகள் தமிழில் போதவில்லை.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். கேட்டுக் கற்பது இந்த மொழியில் ஒருபோதும் இரண்டாந்தரமாக இருந்ததில்லை.

*

ஞாயிறு அங்காடி வாசகர், புதுச்சேரி

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் நடக்கும் சந்தையில், துணிக் கடைகளுக்கு நடுவே நடைபாதையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகங்களைக் கிளறுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு கட்டு கிடைத்தது. வார இதழில் வந்த தொடர்கதையை இதழிதழாகப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலுறையாக ஒட்டியிருந்தார்கள். இரண்டு வாரத்துப் பகுதிகள் கிடைக்கவில்லை போலும். அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாளில் கதையைக் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறார் ஒரு பெண். உறையின் உட்புறத்தில் அவர் பெயரும், "படித்துவிட்டுத் திருப்பித் தரவும்" என்ற வரியும் இருந்தன. நான் காகிதத்தின் பக்கம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கட்டைத் தைத்த அம்மாவை அன்றைய இலக்கியக் கூட்டங்களில் யாராவது வாசகர் என்று ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

*

பக்க வடிவமைப்பாளர், நெல்லித்தோப்பு

இருபது ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பு என் தொழில். நீங்கள் எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் என் மேசையிலிருந்தே புறப்படுகின்றன. ஒரே கோப்பு காலையில் அச்சகத்துக்குப் போகிறது, மாலையில் இ-பப் என்ற மின்னூல் கோப்பு ஆகிறது. ஒருகாலத்தில் தமிழ் நூல் ஒன்றை ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள் அடித்துக் கிடங்கில் அடுக்குவார்கள். இன்று பல பதிப்பகங்கள் நூறு, இருநூறு என்று தேவைக்கேற்ப அடித்துக்கொள்கின்றன. ஆகவே, நீங்கள் கையில் வைத்திருக்கும் அச்சு நூலும் கணினி வயிற்றில் பிறந்த பிள்ளைதான்.

ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி ஒரு சொல். அவர் சொன்ன முடிவு சரி, ஆனால் பாதி. தகவல் தரும் கட்டுரைகளைப் படிக்கும்போதும், நேரக்கெடு வைத்துப் படிக்கும்போதும் தாளுக்கு மேன்மை தெரிந்தது. கதைகளை மட்டும் படித்தபோது தாளுக்கும் திரைக்கும் வேறுபாடு தென்படவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நீங்கள் அன்று பேசியது நாவலைப் பற்றி.

மின்னூலை வெறுப்பவர்களில் பலர் உண்மையில் மோசமாகச் செய்யப்பட்ட மின்னூலைப் பார்த்து வெறுத்தவர்கள் என்பது என் அனுபவம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்பை அவசர அவசரமாக மாற்றினால், கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும்போது துணைக்கால் 'ர' ஆகிவிடும். 'காலம்' என்பது 'கரலம்' என்று கிடக்கும். 'ஔவை' என்பதை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு எழுதியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது, முத்தியால்பேட்டை நண்பரின் போன் அதை 'ஒளவை' என்றே படிக்கும். அச்சு நூலுக்கு மூன்று முறை மெய்ப்புப் பார்க்கும் பதிப்பாளர், மின்னூலை ஒருமுறை கூடத் திறந்து பார்க்காமல் ஏற்றிவிடுகிறார். திரையில்தானே, போதும் என்ற எண்ணம். இந்த ஏளனம் வாசகரிடம் வருவதற்கு முன்பே தொழிலுக்குள் இருக்கிறது. வரியிலும் அதைக் காணலாம். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 2018 ஜூலையில் மின்னூலுக்கான வரியை 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தபோது, அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு மட்டுமே அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள். அச்சில் ஓர் அண்ணன் இருந்தால்தான் தம்பிக்கு மதிப்பு.

நிலைத்து நிற்பதைப் பற்றியும் ஐயா சொன்னார். ஓலைச்சுவடி தானாக நிலைத்ததில்லை. பூச்சி அரிப்பதற்குள், ஒடிவதற்குள், யாராவது ஒருவர் புது ஓலையில் பெயர்த்தெழுதியதால் நின்றது. பெயர்த்தெழுத ஆள் இல்லாத ஏடு போயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் இன்றும் திறக்கின்றன என்றால், அன்றைய எழுத்துருவிலிருந்து திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டுக்கும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் யாரோ பொறுமையாக மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்று பொருள். அதே காலத்தில் நான் வைத்திருந்த நெகிழ்வட்டுகளில் இருந்தவை இன்று எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்குக் கல்விக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஏறக்குறைய 11,000 சுவடிகள். அவற்றை மின்படமாகவும் எடுத்திருக்கிறார்கள். மின்படம் எடுத்துவிட்டோம் என்று ஓலையைத் தூக்கி எறியவில்லை. ஓலை இருக்கிறதே என்று மின்படத்தை இகழவுமில்லை.

*

புலியூர் ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ஆய்வின் மறுபாதியை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. நாளிதழில் வந்த செய்தியை வைத்து எழுதினேன். முழுவதையும் தேடிப் படித்திருக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை நண்பருக்கு: உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் தம்பி. அப்படியானால் அந்தப் பெண்ணிடம் மட்டும் ஏன் சொன்னேன் என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். உங்களுக்குக் காரணம் இருக்கிறது, அவருக்கு இல்லை என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளோடு நின்றுவிட்டு, கூட்டமான பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு மறு கை மட்டும்தான் மிச்சம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட பிறகு எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பதினேழு நாளாயிற்று. செல்போனெல்லாம் இரண்டாம் நாளே அணைந்துவிட்டன. கூரை ஓடு பறந்த வீட்டில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் புத்தகத்திலிருந்து கதை படித்தேன். அந்தப் பதினேழு இரவுகளுக்குப் பிறகு காகிதத்தின் மேல் எனக்கு வந்த பற்று சாதாரணமானதன்று. ஆனால் 2015 மழை வெள்ளத்தில் அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் மூழ்கின. மாடிக் கொடியில் துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டேன். வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல ஆகிவிட்டன. ஏறத்தாழ இருநூறு நூல்களைக் குப்பை வண்டியில் ஏற்றினேன். அவற்றில் சிலவற்றை மறுபடியும் வாங்கக் கிடைக்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில்தான் கண்டுபிடித்தேன். அதை ஏன் இத்தனை நாள் வாசிப்பு வட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

*

பண்ருட்டி எழுத்தாளர்

அனைவரும் உருக்கமாக எழுதுகிறீர்கள். இடையில் ஒரு கசப்பான செய்தியையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. என் நாவல் வெளிவந்த பதினோராம் நாள், யாரோ அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து பி.டி.எஃப் ஆக்கி டெலிகிராம் குழு ஒன்றில் போட்டுவிட்டார்கள். அதில் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எனக்கே செய்தி அனுப்பியவர்களும் உண்டு. நான்கு ஆண்டு உழைப்பு அது. மின்னூல் என்றாலே என் போன்றவர்களின் வயிறு கலங்குவதற்குக் காரணம் திரையன்று, திருட்டு. நாட்டுடைமையான நூலையும் பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலையும் தாராளமாகப் பகிருங்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூலை வாங்கிப் படியுங்கள், அல்லது நூலகத்தில் கேட்டு எடுத்துப் படியுங்கள். அந்தச் செவிலியர் படித்தது விலை கொடுத்து வாங்கிய மின்னூல்தானா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

*

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

ஆம், வாங்கியதுதான். இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அன்று சிரித்த இருவரில் ஒருவர் கையில் இருந்தது, வேறொருவரின் பிரதியை முழுவதுமாக ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட கட்டு. அது காகிதம் என்பதால் ஒருவரும் அதைக் குறையாக எண்ணவில்லை.

*

முதுநகர் வாசகி, கடலூர் முதுநகர்

இத்தனை படித்தவர்கள் நடுவில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஞாயிறு அங்காடி ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் துணிந்தேன். என் அம்மாவும் அப்படித்தான் தொடர்கதைகளைத் தைத்து வைத்திருந்தார். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளுக்கு அந்தக் கட்டுகள் போய்வரும். அம்மா இறந்தபோது வீட்டை ஒழித்தவர்கள், பாடப் புத்தகங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

நான் படிப்பவை மாத நாவல்களும், இணையத்தில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயமாக வரும் குடும்பக் கதைகளும். இரவு பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் வைத்து செல்போனில் படிப்பேன். விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். வாடகை வீடு, பத்து ஆண்டில் ஐந்து முறை மாறியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் முதலில் கழித்துக் கட்டப்படுவது என் புத்தகங்கள்தான். போனில் இருக்கும் நூற்றுப் பதினான்கு கதைகளை மட்டும் ஒருவரும் என்னிடமிருந்து கழிக்கவில்லை. உரிமம்தான், உடைமை இல்லை என்று ஆசிரியர் ஐயா சொன்னார். எனக்கென்று ஓர் அலமாரியே இருந்ததில்லை ஐயா.

மின்னூலைத் தாழ்வாகப் பார்ப்பதை நீங்கள் எல்லோரும் தவறென்று ஒப்புக்கொள்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நான் அந்த மாடிக்கு வந்து, இன்ன கதையைப் படித்தேன் என்று பெயரைச் சொன்னால் என்ன நடக்கும்? அதை அச்சுப் புத்தகமாகவே கையில் கொண்டுவந்தாலும் சிரிப்பீர்கள் என்றே நினைக்கிறேன். நான் எழுதியதில் மரியாதைக் குறைவு இருந்தால் மன்னியுங்கள்.

*

ஞாயிறு அங்காடி வாசகர், புதுச்சேரி

அம்மா, மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. நம் ஊர்க்காரர்கள் இருவரை நினைத்துக்கொள்கிறேன். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் கதைகளும், 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் கதைகளும் முதலில் இதழ்களில்தான் வந்தன. படித்துவிட்டுக் கடையில் பொட்டலம் மடிக்கப்போகும் தாள்களில் வந்தன. ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. வார இதழில் அவரைப் படித்தவர்களில் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் ஏராளம். கெட்டி அட்டை போட்ட தொகுதிகள் பின்னால் வந்தவை. உங்கள் கதைகள் எல்லாமே நாளை இலக்கியமாகும் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதை உட்கார்ந்து கேட்காமல் அதைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை.

*

பக்க வடிவமைப்பாளர், நெல்லித்தோப்பு

வேலைக்கு ஆகும் ஒன்றைச் சொல்கிறேன். பக்க எண் சிக்கல் உண்மையானது. ஆசிரியர் ஐயாவின் எரிச்சலில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் மின்னூலின் பக்கங்கள் மாறிவிடும் என்பதால்தான் விழுக்காட்டுக் கணக்கு வந்தது. அச்சுப் பக்க எண்ணை மின்னூலுக்குள் பொதிந்து வைக்க வழி இருக்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள் மெனக்கெடுவதில்லை. நான் இனிச் செய்யும் நூல்களில் அதைச் சேர்க்கிறேன். அதுவரை நீங்கள் அத்தியாய எண்ணைச் சொல்லிக்கொள்ளலாம்.

*

புலியூர் ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

அத்தியாய எண் போதாது. ஓர் அத்தியாயம் இருபது பக்கம் ஓடும். ஆனால் நெல்லித்தோப்பு நண்பர் ஏட்டைப் பெயர்த்தெழுதியதைப் பற்றிச் சொன்னதிலிருந்து எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சுவடிக்கும் எல்லார்க்கும் பொதுவான பக்க எண் கிடையாது. ஒருவர் வீட்டு ஏட்டில் நாற்பதாம் ஓலையில் இருக்கும் பாட்டு, மற்றொருவர் வீட்டு ஏட்டில் ஐம்பத்திரண்டாம் ஓலையில் இருக்கும். அதனால் பாட்டின் தொடக்கச் சொல்லைச் சொல்லியே இடத்தைக் காட்டினார்கள். செய்யுள் முதற்குறிப்பு என்று இன்றும் பழைய நூல்களின் பின்னிணைப்பில் அடிப்பது அதைத்தான். முப்பத்திரண்டு ஆண்டு அதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு, அன்று மாடியில் அது நினைவுக்கு வரவில்லை. அத்தியாய எண், பத்தியின் முதல் இரண்டு சொற்கள். இவ்வளவு சொன்னால் தாளில் படித்தவரும் திரையில் படித்தவரும் காதால் கேட்டவரும் ஒரே இடத்துக்கு வந்துவிடலாம்.

முதுநகர் அம்மாவுக்கு: நீங்கள் வந்தால் சிரிப்பார்களா என்று கேட்டீர்கள். சிரிக்கக்கூடும். நானே சிரித்திருப்பேன். அடுத்த மாதம் நூலைத் தேர்ந்தெடுக்கும் முறை என்னுடையது. உங்கள் கதைகளில் ஒன்றின் பெயரைக் கெடிலக்கரைக்கு அனுப்புங்கள். அதை வாங்கிப் படித்துவிட்டு, எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் உங்கள் முகத்துக்கு நேரே காரணத்தோடு சொல்கிறேன்.

*

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

ஆசிரியர் ஐயா நேற்று மாலை அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். என்ன பேசினார் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு அந்தப் பெண்ணுக்குப் பகல் பணி, வர முடியாதாம். அதற்கடுத்த மாதம் பணி அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கூட்டத்தை மூன்றாம் ஞாயிற்றுக்கு மாற்றலாமா என்று மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன். முத்தியால்பேட்டை நண்பர் வருவதாக இருந்தால், பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவர நான் வருகிறேன். முதுநகர் அம்மாவின் கதைப் பெயர் வந்துவிட்டது.

*

புலியூர் ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

மூன்றாம் ஞாயிறு எனக்குச் சம்மதம். ஒரு செய்தி மட்டும். அந்த நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களையும் மறுபடி படித்தேன். மாமியார் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் பதினெட்டாம் அத்தியாயத்தில், "சொம்பை வைத்துவிட்டு" என்று தொடங்கும் பத்தியில், அவள் உதடு அசைந்ததாக ஒரு வரி இருக்கிறது. பேச வந்து நிறுத்திக்கொண்டாளா, பேசியது மற்றவர்கள் காதில் விழவில்லையா என்று எனக்குத் தெளிவாகவில்லை. அந்தப் பெண் வந்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும்.